தம்பிக்கு, பினாங்கிலிருந்து அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். போனில் வேலைப் பேச்சை எடுத்தாலே நீ வேறு எதற்கோ தாவிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் வேலை போனதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோபம் இல்லை, தம்பி. ஆனால் நீ அவளிடம் கேட்டாயாமே, "வருஷம் தவறாமல் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தேனே, முருகன் ஏன் என்னைப் பார்க்கவில்லை?" என்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்டதில் தப்பில்லை. அவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்? ஆனால் கம்பெனி ஆள் குறைத்ததை அவன் தலையில் போடாதே.

சின்ன வயதில் அப்பர் கதை சொன்னால், சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் கிடந்து உயிரோடு வந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். இப்போது அவர் அக்கா திலகவதியாரை நினைத்துப் பார். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காகவே இருந்தார். கடைசியில் அந்தத் தம்பியும் சமணரோடு போய்விட்டார். அந்த அம்மாள் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கினார், சாணம் போட்டு மெழுகினார், பூப் பறித்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுக் கொடு என்று வேண்டிக்கொண்டே இருந்தார். மறுநாளே நடந்துவிடவில்லை. சூலை நோய் தாங்காமல் தம்பி ராத்திரியோடு ராத்திரியாக வந்து காலில் விழுந்தபோது, கொடுக்கத் திருநீறும் கூட்டிப்போக ஒரு கோயிலும் அவரிடம் இருந்தன. எனக்கு அந்தக் கதையில் மனசு நிற்பது அந்தப் பெருக்குமாற்றில்தான். சாமியின் வேளை எப்போது வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்றன்றைக்கு உள்ள வேலையை அவர் விடவும் இல்லை.

2021 உனக்கு நினைவிருக்கும். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் அப்பாவின் லாரி ஓடவில்லை. சாமியைப் போய்ப் பார்க்கலாம் என்றால் கோயிலும் சாத்தியிருந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்களே, அப்போது நம் பிளாட்டில் கீழ்மாடி அம்மா ஒரு வெள்ளைத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டினார். சாயங்காலத்துக்குள் அரிசி, முட்டை, மைலோ, பிள்ளைக்குப் பால்மாவு எல்லாம் வந்து இறங்கியது. சீனர், மலாய்க்காரர், நம் ஆட்கள் எல்லாரும் கொடுத்தார்கள். ஒருவர்கூட அவரைக் கேவலமாகப் பார்க்கவில்லை. நான் கண்டவரைக்கும் சாமி காப்பாற்றுவது இப்படித்தான், இன்னொரு மனுஷர் கை வழியாக. கொடி கட்டாத வீட்டுக் கதவை யாரும் வந்து தட்டவில்லை, அதையும் அதே மாடியில் நின்று பார்த்தேன்.

அதனால் முதலில் சொக்சோவுக்கு, அதுதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, மனுப் போடு. மாதாமாதம் உன் சம்பளத்தில் வேலை காப்புறுதிக்கென்று பிடித்தது இதற்குத்தான். வேலை போன 60 நாளுக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதே. ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 விழுக்காடு, அப்புறம் இன்னும் குறையும். வேலை தேடவும் பயிற்சிக்கும் அவர்களே வழி செய்வார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு வாடகை இடித்தால் அப்பாவிடம் சொல், அவர் நீ கேட்பாய் என்று காத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். 1833-இல் கட்டிய கோயில். கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ஊருக்குக் காசு அனுப்ப முடியாதவர்கள் என்று எத்தனை பேர் அந்த வாசலில் நின்று அழுதிருப்பார்கள்! நானும் கொஞ்சம் அழுதேன். உனக்கு நல்ல வேலை கொடு என்று கேட்டேன், அது வரும்வரை நீ உடைந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றும் கேட்டேன். கொடுப்பாள் என்று முழுசாக நம்புகிறேன்.

இன்னொன்று. தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவதுபோல் கிளம்பிப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். மருமகளுக்கு இன்னும் தெரியாது என்றுதானே அதற்கு அர்த்தம்? அவள் கெட்டிக்காரி, உன்னை விட்டுக் கொடுக்க மாட்டாள். இன்றைக்கே சொல்லிவிடு. சொன்னதும் எனக்குப் போன் பண்ணு, அவளிடம் நானும் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா