இரண்டாம் பருவத் தொடக்கம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவத் தொகுத்தறி மதிப்பீடு முடிந்து, விடுமுறையும் கழிந்து, பள்ளி திறந்துவிட்டது. குழந்தைகள் எல்லா வகுப்பிலும் நல்ல முன்னேற்றம் காட்டியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவில் கலந்துகொண்ட அனைவருக்கும் பாராட்டுகள். இரண்டாம் பருவப் புத்தகங்களும் நோட்டுகளும் கொடுத்தாயிற்று. காலை உணவு சாப்பிடும் குழந்தைகளை 8.15க்குள் அனுப்பிவையுங்கள். மழைக்காலம் என்பதால் பையில் ஒரு சிறு துண்டும் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தின் முக்கியமான செய்தி இனிமேல்தான். நம் 2ஆம் வகுப்பு ஆசிரியை விடுமுறையில் புற்றுநோயால் இறந்துவிட்டார். இந்த ஊரில் அவரிடம் எழுத்துக் கற்றவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். சாக்பீஸை ஒரு அங்குலத் துண்டுகளாக உடைத்துத்தான் குழந்தைகளுக்குக் கொடுப்பார். முழு சாக்பீஸைக் குழந்தை கைமுழுக்கப் பொத்திப் பிடிக்கும். துண்டை அப்படிப் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல்களும் தானாகக் குவியும். கழித்தல் கணக்குக்குப் பத்துப் பத்து ஈர்க்குச்சிகளாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். 32இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டுமென்றால் ‘கடன் வாங்கு’ என்று சொல்ல மாட்டார், ‘ஒரு கட்டைப் பிரி’ என்பார். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே, இங்கே யாரும் தருவதில்லையே என்று குழந்தை குழம்பும் என்பது அவர் எண்ணம். அந்தக் குச்சிக் கட்டுகள் இன்னும் வகுப்பு அலமாரியில்தான் இருக்கின்றன, அங்கேயே இருக்கும். அவர் கையால் எழுதிய ல, ள, ழ அட்டையையும் சுவரிலிருந்து எடுக்கப்போவதில்லை.

அவருடைய கணவரை நீங்கள் அறிவீர்கள். மகள் நம் பள்ளியில் 5ஆம் வகுப்பு படிக்கிறாள். அந்தக் குடும்பத்துக்காகவும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்காகவும் சில விஷயங்களை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளி திறந்த முதல் நாளில் 2ஆம் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்டபோது ஆளுக்கொரு பதில் வந்தது. டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்க, சாமி கூப்பிட்டுக்கிட்டாரு, தூங்கிட்டாங்க, காய்ச்சல்ல செத்துட்டாங்க. எல்லாமே குழந்தை மனம் நோகக் கூடாது என்ற அன்பில் சொன்னவை, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆறேழு வயதுக் குழந்தை நாம் சொல்லும் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஊருக்குப் போனவர் வருவார் என்று வாசலைப் பார்க்கும். வராதபோது, தன்னைப் பிடிக்காமல் போய்விட்டார் என்று நினைக்கும். தூங்கிவிட்டார் என்று கேட்ட குழந்தை இரவில் கண் மூடப் பயப்படும். சாமி கூப்பிட்டார் என்றால் அம்மாவையும் கூப்பிடுவாரா என்று கேட்கும். காய்ச்சல் என்று சொன்னால், இந்த மழைக்கு அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்தக் குழந்தைக்கு அது மரணச் செய்திதான்.

ஆகவே ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில் இப்படிச் சொன்னால் போதும்: “டீச்சருக்குப் புற்றுநோய்னு ஒரு பெரிய நோய் வந்துச்சு. டாக்டர்கள் ரொம்ப முயற்சி பண்ணாங்க. குணமாகல. டீச்சர் இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனி அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வர மாட்டாங்க.” இதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, குழந்தை கேட்கும் வரை காத்திருங்கள். சாமியிடம் போயிருக்கிறார் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை என்றால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். உடம்பைப் பற்றிய உண்மையைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, டீச்சர் திருத்திய நோட்டைத் தொட்டாலும் ஒட்டாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீயும் செத்துப்போவியா என்று கேட்டால், மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். “எல்லாரும் ஒருநாள் இறப்போம். ஆனா அம்மா நல்லா இருக்கேன். ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நம்புறேன்” என்பது போதும். கேட்காமலே மனதில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. வீட்டுப்பாடம் எழுதாததால், பேச்சைக் கேட்காததால் டீச்சருக்கு இப்படி ஆயிற்றோ என்பதுதான் அது. தன் எண்ணமும் செயலும் எதையும் நடத்திவிடும் என்று நம்பும் வயது. “நீ செஞ்சதாலயோ சொன்னதாலயோ இது நடக்கல” என்று குழந்தை கேட்காவிட்டாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இதை வைத்து, “டீச்சர் மேலிருந்து பார்த்துட்டு இருக்காங்க, ஒழுங்கா சாப்பிடு” என்று மிரட்டவே வேண்டாம்.

அழுத குழந்தை ஐந்து நிமிடத்தில் விளையாடப் போனால் அதற்கு அன்பில்லை என்று பொருளல்ல. குழந்தைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பொம்மைக்கு மாலை போட்டுச் சாவு விளையாட்டு விளையாடினாலும் அதட்டாதீர்கள். வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் கழித்தல், அம்மாவை விட்டு நகராமை ஆகியவை சில வாரம் இருக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கு வருவது ஆகியவற்றில் சிக்கல் தொடர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்ததைக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியை மருத்துவமனையில் படுத்திருந்த படமும், வீட்டில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்த படமும் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றின. அஞ்சலிக்காகப் போட்டோம் என்று சிலர் சொன்னீர்கள். அந்தப் படத்தை அவர் மகள் இன்னொரு குழந்தையின் அம்மா கைப்பேசியில், நம் பள்ளி வாசலில் நின்று பார்த்தாள். இது தவறு. இன்றே எல்லோரும் அந்தப் படங்களை அழித்துவிட வேண்டும். ஸ்டேட்டஸில், கேலரியில், குழுவில் எங்கிருந்தாலும். இனி அனுப்புபவர்கள் வகுப்புக் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள். அந்தக் குழந்தையை வாசலில் நிறுத்தி, தலையைத் தடவி, “பாவம், தாயில்லாப் பிள்ளை” என்று அவள் காதுபட அழுவதும், கடைசியில் அம்மா என்ன பேசினாள் என்று கேட்பதும் இன்றோடு நிற்க வேண்டும். அவள் தந்தையையும் மாலையில் வாசலில் சூழ்ந்துகொள்ளாதீர்கள். மகளை அழைத்துப் போக அவருக்கு வழி விடுங்கள். உதவ நினைப்பவர்கள், “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பதைவிட, செவ்வாய்க்கிழமை ராத்திரி டிபன் நாங்கள் கொண்டுவருகிறோம் என்று நாள் சொல்லி அலுவலகத்தில் பெயர் எழுதிவையுங்கள். ஒரே நாளில் நான்கு வீட்டு இட்லி போய்ச் சேர்ந்து வீணாகாமல் நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம்.

படத்திறப்பு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளியில் நடக்கும். படத்துக்கு மாலை போட்டிருக்கும், விளக்கு எரியும், பெரியவர்கள் அழலாம் என்பதை முன்பே சொல்லிக் குழந்தையை அழைத்து வாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பாதியில் வெளியே போக விரும்பினால் கூடப்போக ஒரு பெரியவர் அருகில் இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை நாம் மறக்கக் கூடாது. குழந்தைகளிடம் பணம் வசூலிப்பதும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், தைப்பதற்கு இடப்புறம் இரண்டு விரல் இடம் விட்டு, நீல மையில். பென்சில் எழுத்து தாள் உரசினால் கலைந்துவிடும். ‘அன்பானவர், பண்பானவர்’ என்று எழுதினால் நாற்பது தாளும் ஒன்றுபோல இருக்கும். ‘என் பையனின் “ற”வைத் திருத்த அவன் கையைப் பிடித்து மணலில் எழுதினார்’ என்பது போல நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். இவற்றைத் தைத்து மகளிடம் கொடுப்போம். இன்று அவள் படிக்காமல் போகலாம், பத்தாண்டு கழித்துப் படிப்பாள்.

மரக்கன்றுகள் தருவதாகப் பலர் சொன்னீர்கள். ஒன்று போதும், மகிழம் வைக்கிறோம். இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி இப்போதே தோண்டி ஆறவிட்டிருக்கிறோம். மேல்மண்ணோடு சரிபாதி மக்கிய தொழுஉரம் கலந்து நிரப்ப வேண்டும். ஒரு கூடை உரம் தர முடிந்தவர்கள் புதன்கிழமைக்குள் கொண்டுவாருங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், சூட்டில் வேர் கருகும்.

அவர் நோயோடு வகுப்புக்கு வந்த நாட்களில், இடைவேளையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தாய்மார்களே, மருத்துவமனைக்கு ரத்தம் கொடுக்க வேலையை விட்டு ஓடிய தந்தைமார்களே, உங்கள் அனைவருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. 2ஆம் வகுப்புக்கு வந்திருக்கும் புதிய ஆசிரியையிடமும் அதே அன்போடு பழகுங்கள். அவரும் சாக்பீஸை உடைத்துத்தான் கொடுக்கிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்