பாக்கு நீரிணைக்கு மேல மாட்டுப்பட்டுக் கிடக்கிற எங்கட ஏ.ரி.ஆர்

சப்போர்ட்டில இருக்கிறவைக்கு வணக்கம்,

நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பெடியள் சேர்ந்து ஒரு வெர்ச்சுவல் ஏர்லைன் (கொம்பியூட்டர் சிமுலேற்றரில மட்டும் பறக்கிற விமானக் கொம்பனி) நடத்துறம், புக்கிங், பிளேன் கணக்கு எல்லாத்துக்கும் மாசம் மாசம் காசு கட்டி உங்கட சிஸ்டத்தைத்தான் பாவிக்கிறம். பலாலி - சென்னை ஓட எங்களிட்ட இருக்கிறது ஒரேயொரு ஏ.ரி.ஆர் 72 பயணிகள் பிளேன். அதுதான் இப்ப இறங்க வழியில்லாமல் நிக்குது.

எங்கட பைலட் ஒராள் பலாலியில இருந்து ஏறி, குரூஸில போய்க்கொண்டிருக்கேக்க இஞ்சால பரந்தனில கரண்ட் போட்டுது, கொம்பியூட்டர் ரவுட்டர் எல்லாம் ஓஃப். கரண்ட் வந்து, பறப்பைப் பதிஞ்சு உங்கட சிஸ்டத்துக்கு அனுப்புற ஏகார்ஸ் சொஃப்ட்வெயரைத் திறந்தா பழைய பறப்பைத் தொடரவும் விடுதில்ல, கான்சல் பண்ணவும் விடுதில்ல, ஆனா ஃப்ளீட் பக்கத்தில மட்டும் "பறப்பில்" எண்டு செம்மஞ்சளில எரியுது, மப்பில பாத்தா கோடிக்கரைக்குக் கிழக்கால கடலுக்கு மேல அந்தச் சின்ன ஐகன் மூக்கை வடக்க நீட்டினபடி அப்பிடியே நிக்குது. (யூபிஎஸ் வாங்குங்கோ எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.)

ஒராள் எங்க இறக்கினாரோ அடுத்த ஆள் அங்க இருந்துதான் எடுக்கவேணும் எண்ட முறை எங்களுக்கு நல்ல விருப்பம், அதுக்காகத்தான் உங்களிட்ட வந்தனாங்கள். ஆனா இறங்கவேயில்லாத பிளேனை எங்க போய் எடுக்கிறது? ஜம்ப்சீட் (பறக்காமலே பைலட்டை வேற எயார்போட்டுக்கு மாத்துறது) போட்டா ஆள்தான் இடம் மாறும், பிளேன் மாறாது. புக்கிங்குக்கு 24 மணித்தியாலக் காலாவதி போட்டு வச்சிருக்கிறம், அதுவும் பறக்கத் தொடங்காத புக்கிங்கைத்தான் கழட்டுமாம். அட்மின் எண்டு பேர், பிளேனைப் பிடிச்சு வச்சிருக்கிற அந்தப் "பறப்பில்" லொக்கை எடுக்க எனக்கு ஒரு பட்டன் இல்ல.

ரிக்கெட் போட்டா உங்கட ஆள் எழுதுறார், பறப்பு முடிஞ்ச உடன விமானம் தானா விடுபடுமாம். முடிக்க விட்டாத்தானே ஐயா முடியும்!

ஏகார்ஸில இருந்து கனநேரம் சிக்னல் வராட்டி அந்தப் பறப்பைத் தானா மூடி பிளேனைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி விடுங்கோ, இல்லாட்டி அட்மின் கையால எந்த எயார்போட்டிலையும் இறக்கி வைக்க வழி தாங்கோ. பெரிய வேலை எண்டு நான் நினைக்கேல்ல. முதல்ல இந்த ஏ.ரி.ஆரை பலாலிக்குக் கொண்டுவாங்கோ, பெடியள் ஒவ்வொருத்தரா வேற ஏர்லைனுக்குப் போகத் தொடங்கீட்டினம்.

இந்த மாசக் காசை மட்டும் சொன்ன திகதிக்குப் பிழைக்காமல் வெட்டிப்போட்டியள். பிளேன் இறங்காட்டி அடுத்த மாசம் கார்டைக் கழட்டிப்போடுவம்.

இப்படிக்கு,
அட்மின், கிளிநொச்சி