ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ விஷயத்தைச் சொன்னதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. வேலையை விட்டுவிட்டு மைப்பேனா வலைப்பூவை நம்பியே இருக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது, அதே பிழைப்பில் 16 வருஷம் இருந்த எனக்கு ஒரே நேரத்தில் பத்து விஷயம் வாய்க்கு வந்துவிட்டது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், மீதி வாக்குவாதமாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்லமாட்டேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வீட்டுச் செலவில் பெரும்பகுதி தையல் மிஷின் ரிப்பேர் பற்றி நான் எழுதிய பதிவுகளிலிருந்துதான் வந்தது. இதில் பிழைக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பதும் தெரியும்.

உன் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாதம் 60,000 பார்வை வருகிறது என்றாய். சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே. சரி, ஆயிரம் பார்வைக்கு விளம்பரத்திலிருந்து 2 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 டாலர் வரும். விளம்பரத்தை மட்டும் வைத்து மாதம் 1,000 டாலர் பார்க்க வேண்டுமென்றால் 5 லட்சம் பார்வை வேண்டும், அதுவும் மாதா மாதம். இப்போது வேறு மாதிரி போட்டுப் பார். மாதம் 5 டாலர் சந்தா. சந்தா வாங்கி எழுத்தை அனுப்ப உதவும் சப்ஸ்டாக் மாதிரியான தளம் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கார்டு கட்டணம் கொஞ்சம் போகும், கையில் 4 டாலர் சொச்சம் நிற்கும். அதே 1,000 டாலருக்கு ஏறக்குறைய 250 பேர் போதும்.

250 பேர் கிடைப்பது சுலபம் என்று சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் பர்ஸைத் திறப்பதற்கு உன்மேல் எவ்வளவு நம்பிக்கை வர வேண்டும்! ஆனால் அந்த 250 பேர் உன்னைத் தேடி வந்தவர்கள். 5 லட்சம் என்பது வேறு எதையோ தேடிப்போகும் வழியில் எட்டிப் பார்த்த கூட்டம். நீ வேலையை விடலாமா கூடாதா என்பதற்கு எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள் என்ற எண்ணைத்தான் நான் எப்போதும் கேட்பேன். நேற்று நீ அதைச் சொல்லவே இல்லை.

அந்தக் கீழ்நூல் பதிவு ஞாபகம் இருக்கிறதா? தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். எல்லோரும் கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். பாபின் கேஸில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் திருகி, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள். சிக்கல் அடியில் தெரிந்தாலும் கோளாறு பெரும்பாலும் மேலேதான் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு மேல்நூலைக் கோத்தால், நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுகியிருக்கும், நூல் இடையில் போய் உட்காராது. பிடிப்பில்லாத நூல் கீழே போய்ச் சுருண்டுகொள்ளும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் தீர்ந்தது.

இதைச் சொல்ல நாலு வரி போதும். ஆனால் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. ஜன்னல் ஓரம் மிஷினை இழுத்துப் போட்டு, மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டேன். வேண்டுமென்றே தப்பாகக் கோத்து ஒரு தையல் போட்டுத் துணியைத் திருப்பியபோது, அடியில் கொத்தாகச் சிக்கியிருந்தது அத்தனையும் சிவப்பு நூல். நீதான் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "அம்மா, மேலே இருந்த நூல்தானே இது!" என்று கத்தினாய். அந்த ஒரு படம் ஆயிரம் விளக்கத்துக்குச் சமம். அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் மிஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் தாங்களே சரிசெய்தார்கள். அப்புறம் வேறு சந்தேகம் வந்தபோது தேடுபொறியில் தேடாமல் நேராக எனக்கே எழுதினார்கள்.

உன்னிடமும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. ஒரே மையை ஐந்து விதக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு கோடும் எப்படிக் கசிகிறது என்று லென்ஸ் வைத்துப் படமெடுத்துப் போட்டாயே, அது. அதைப் படித்தபோது என் பெண் என்று பெருமையாக இருந்தது. ஆனால் கடந்த இரண்டு மாதமாக "சிறந்த 10 பேனாக்கள்", "தொடக்கக்காரர்களுக்கு 15 பேனாக்கள்" என்று வந்துகொண்டிருக்கிறது. உன் மேஜையில் இருப்பது மொத்தம் ஐந்தோ ஆறோ பேனா. கையில் பிடிக்காத பேனாவைப் பற்றி எழுதும்போது உன் நடையே மாறிவிடுகிறது பாப்பா. விற்பனைப் பக்கத்தில் இருக்கும் வாசகம்தான் உன் வாசகமாக வருகிறது. உன் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கடை தரும் கமிஷனுக்காக எழுதுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. எனக்குப் புரிந்தால் உன் வாசகர்களுக்கும் புரியும்.

கமிஷன் தப்பு என்று நினைக்காதே. அமேசான் 1996-லேயே இந்த வழியைத் திறந்துவிட்டது, அதில் நானும் சம்பாதித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடையின் கதவுக்குச் சாவி உன்னிடம் இல்லை. உன் லிங்க்கைக் கிளிக் செய்தவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலோ கூடையில் போட்டுவைத்தாலோதான் பொதுவாக உனக்குப் பங்கு. 2020 ஏப்ரலில் அமேசான் பல பிரிவுகளில் கமிஷனைக் குறைத்தது. அமெரிக்காவில் ஃபர்னிச்சருக்கு 8 சதவீதமாக இருந்தது ஒரே அறிவிப்பில் 3 ஆனது. அதை நம்பியிருந்தவர்கள் அதே எழுத்துக்கு, அதே வாசகர்களை வைத்துக்கொண்டு, பாதிக்கும் குறைவான காசு பார்த்தார்கள்.

தேடலும் அப்படித்தான். 2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, ஆழமில்லாத பதிவுகளைக் குவித்து வைத்திருந்த தளங்கள் சரிந்தன. 2022 ஆகஸ்டில் இன்னொரு பெரிய மாற்றம். 2024 மார்ச்சில், தேடலில் மேலே வருவதற்காகவே குவியல் குவியலாகப் பதிவு போடுவதை ஸ்பேம் விதிகளில் சேர்த்தார்கள். அதே வருஷம் மே மாதத்திலிருந்து, முதலில் அமெரிக்காவில், தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ ஒரு பதிலைச் சுருக்கி எழுதிவைக்க ஆரம்பித்தது. "பேனாவில் மை காய்ந்தால் என்ன செய்வது" என்று தேடுபவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால், உன் பக்கத்துக்கு எதற்கு வரப்போகிறார்? உன் 60,000-ல் எத்தனை தேடலிலிருந்து வருகிறது என்று பார். முக்கால்வாசி என்றால் எனக்குக் கவலைதான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், இதை உன்னிடம் அப்போது மறைத்துவிட்டேன். நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு சின்ன விளம்பர நிறுவனம் மூன்று மாதப் பாக்கியை வைத்துக்கொண்டு காணாமல் போய்விட்டது. மெயில் போட்டால் திரும்பி வந்தது. என் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நீல அட்டை போட்ட கணக்கு நோட்டில் அந்த மாதத்து வரவுப் பத்தியில் பென்சிலால் எழுதிவைத்திருந்த தொகையை அழித்தேன். அழித்த தடம் இப்போதும் தெரியும்.

அப்போது காப்பாற்றியது என் மின்னஞ்சல் பட்டியல். வாரம் ஒரு கடிதம் போட்டுப் போட்டு 1,900 பேர் சேர்ந்திருந்தார்கள். பத்து நாள் ராத்திரி உட்கார்ந்து, அடிக்கடி வரும் கோளாறுகளை எல்லாம் 40 பக்க மின்னூலாக்கி அவர்களுக்கு எழுதினேன். 212 பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர், "இத்தனை நாள் சும்மா படித்தேன், இப்போதாவது காசு கொடுக்க ஒரு வழி வைத்தீர்களே" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். விளம்பரம் போனாலும் அவர்கள் போகவில்லை.

அதனால் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், பட்டியலை இன்றைக்கே ஆரம்பி. 2013 ஜூலை 1-ஆம் தேதி பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோது, அதன் வழியாக மட்டுமே படித்துக்கொண்டிருந்த வாசகர்களை வலைப்பூ எழுதியவர்கள் பல பேர் இழந்தார்கள். மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் தரவிறக்கி உன் கணினியில் வை. டொமைன், அதாவது வலைப்பூவின் முகவரி, உன் பெயரில் இருக்கட்டும், பதிவுகளுக்குப் பேக்கப் இருக்கட்டும்.

பேனா கம்பெனி ஒன்று இலவசமாகப் பேனாவும் காசும் தருவதாகச் சொன்னது என்றாய். வாங்கிக்கொள், ஆனால் பதிவின் தலையிலேயே அதைச் சொல்லிவிடு. வெளியிடுவதற்கு முன் எழுத்தைக் காட்டச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதே. நிப் கீறுகிறது என்று உன்னால் எழுத முடியாமல் போனால் அப்புறம் நீ எழுதும் பாராட்டுக்கு என்ன மதிப்பு? வீடியோ, ஆன்லைன் வகுப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் நாலு அடுப்பில் சட்டி வைக்காதே.

இப்போது காசு விஷயம். சம்பளம் மாதிரி இது ஒன்றாம் தேதி வராது. ஜனவரி 1 அன்று ஓடிய விளம்பரத்துக்கு கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் பிப்ரவரி 21-க்கு மேல்தான் பணம் அனுப்பும், அதுவும் கணக்கில் 100 டாலர் சேர்ந்திருந்தால். அமேசான் கமிஷன் மாதம் முடிந்து இன்னும் சுமார் 60 நாள் ஆகும். டிசம்பரில் விளம்பரக்காரர்கள் அள்ளி இறைப்பார்கள், ஜனவரியில் கையை மடக்கிக்கொள்வார்கள். நீ நவம்பர், டிசம்பர் வரவைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கிறாயோ என்பதுதான் என் பயம். சம்பளத்தில் பிடிப்பது மாதிரி வரியை முழுதாக யாரும் பிடித்துக்கொண்டு தரமாட்டார்கள், வந்த அன்றே ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடு. மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே சொந்தமாக எடுத்துவிடு. கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே யோசி, சம்பளச் சீட்டு இல்லாதவரை வங்கி பார்க்கும் பார்வை வேறு. 12 மாதச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும். ஆறு போதாது, நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த வருஷங்களில் சாப்பிட உட்கார்ந்தாலும் என் கண் வலைப்பூவுக்கு வந்த பார்வைகளின் எண்ணிக்கையிலேயே இருக்கும். ஒருநாள் நீ பள்ளியில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் திரையைப் பார்த்தபடி "ம், ம்" என்றேன். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனாய். அது என்ன சண்டை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ தனியாக இருக்கிறாய், காலையிலிருந்து ராத்திரி வரை அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் எண்களைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்.

மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப்போவதாகச் சொன்னாய். அதற்கு முன் கடந்த 12 மாதக் கணக்கை எனக்கு அனுப்பு. எந்த வழியில் எவ்வளவு வந்தது என்று மாதவாரியாகப் பிரித்து எழுது. ஹோஸ்டிங், வாங்கிய மை, காகிதம் எல்லாம் செலவுப் பத்தியில் வரட்டும். கடைசியாக ஒரு வரியில், உன்னிடம் காசு கொடுத்து எதையாவது வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எழுது. இதுவரை யாரிடமும் எதையும் விற்றதில்லை என்றால், அந்தக் காகிதச் சோதனையைப் பெரிதாக்கி ஒரு சின்ன மின்னூலாகப் போட்டுப் பார். ஐம்பது பேர் வாங்கினால்கூட எனக்குப் பாதி பயம் போய்விடும். அதுவரை இரண்டு மூன்று மாதம் வேலையில் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் சொன்னதையெல்லாம் பார்த்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போ, முதல் வருஷக் கணக்கை நான் உன்னோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கீழ்நூல் பதிவில் இன்று காலை ஒருவர் கேட்டிருக்கிறார், ஃபுட்டைத் தூக்கிக் கோத்தும் சிக்குகிறதாம். ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பதில் எழுத வேண்டும், இதோடு நிறுத்துகிறேன். சனிக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா