ஆட்டத் தேர்வுக்குத் திரைக் கணக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் 'ஈவோ' சண்டை வீடியோ கேம் போட்டியில் எந்த ஆட்டங்களைச் சேர்ப்பது என்ற வாதம் ரசிகர் பலத்தோடு நின்றுவிடக் கூடாது. இருமுறை தோற்றவரே வெளியேறுவது அங்கே விதி. 1,024 பேர் பதிந்தால் குறைந்தது 2,046 மோதல்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 341 மணி நேரம்; 20 திரைகள் போட்டால் 17 மணி நேரம். அழைத்தவர் வராமல் திரை சும்மா கிடக்கும் நேரம் இதில் சேரவில்லை.

2001-இல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே'க்குச் சிக்கல் கூடுதல். ஒரு மோதலில் பல சுற்றுகள் உண்டு; ஒரு சுற்றுக்கே 8 நிமிட வரம்பு. பிக்சர் டியூப் டிவிகளும் வேண்டும். புதிய தட்டைத் திரை பழைய அனலாக் சிக்னலை மாற்றுவதற்குள் படம் பிந்திவிடும். நொடிக்கு 60 ஃபிரேம் (தனிப் படங்கள்) ஓடும் ஆட்டத்தில் மூன்று ஃபிரேம் பிந்துவது என்பது 50 மில்லி நொடி. பழகிய விரலுக்கு அது பெரிய தடுமாற்றம்.

ஆனாலும் அத்தகைய ஆட்டங்களை ஒதுக்குவது அநியாயம். 2013-இல் ஈவோ ஆட்டப் பட்டியலில் மிஞ்சிய கடைசி இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் ஆய்வு நன்கொடையையே வாக்காக்கினார்கள்; மெலே 94,000 டாலருக்கு மேல் திரட்டி வென்றது. விற்பனை ஓய்ந்த ஆட்டத்துக்கு அப்படிக் கூட்டம் இருக்கிறது! ஆண்டுதோறும் பழைய ஆட்டம் ஒன்றுக்கு நிலையான இடம் தர வேண்டும். உரிமையாளரின் சம்மதத்தை மட்டும் அறிவிப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்; 2022-இல் ஸ்மாஷின் உரிமையாளரான நிண்டெண்டோ விலகியதால் ஈவோவில் ஸ்மாஷ் வரிசையே இல்லாமல் போனது.

இப்படிக்கு,
வாசகர், மதுரை