தூதரக வாசலில் ஒரு பெயர்ப்பலகை

ஆசிரியருக்கு,

வணக்கம். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் போரிஸ் நெம்த்சோவ் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு திருத்தம். வாஷிங்டனில் ரஷ்யத் தூதரகத்தின் முன்னால் அவர் பெயரில் சதுக்கம் அறிவித்தது அமெரிக்க காங்கிரஸ் அல்ல. செனட்டில் அதற்கொரு மசோதா வந்தது உண்மை. ஆனால் காரியத்தை முடித்தது நகர மன்றம். 2018 ஜனவரியில் ஒப்புதல். 2015-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே பிப்ரவரி 27 அன்று பலகை திறந்தார்கள். காங்கிரஸே முன்னின்று பெயர் வைத்தது 1984-இல், பழைய சோவியத் தூதரகத்தின் முன்னால், அந்த அரசை எதிர்த்த விஞ்ஞானி சகாரோவுக்கு. கட்டுரையாளர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போலும்.

கண்டனத் தீர்மானங்களால் பயனில்லை என்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். கொலை நடந்த இரண்டே வாரத்தில், 2015 மார்ச் 12 அன்று, சுதந்திரமான சர்வதேச விசாரணை வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மாஸ்கோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. 2017-இல் ஐந்து பேருக்குச் சிறை. சுட்டவருக்கு 20 ஆண்டு. ஏவியது யார்? புலனாய்வாளர்கள் கைகாட்டியது ரஷ்யாவின் செச்சென் பகுதி அதிகாரி ஒருவரின் கார் டிரைவரை! கிரெம்ளின் பக்கத்துப் பாலத்தில் வைத்து முன்னாள் துணைப் பிரதமரைச் சுட்டுத்தள்ள ஒரு டிரைவர் திட்டம் போட்டாராம்.

ஆனால் மனித உரிமை மீறும் ரஷ்யர்களைத் தண்டிக்க அமெரிக்கா 2012-இல் கொண்டுவந்த மக்னீட்ஸ்கி சட்டம் வேறு ரகம். அது நாட்டைத் திட்டாது, ஆளைப் பிடிக்கும்: சொத்து முடக்கம், விசா மறுப்பு. அந்தச் சட்டத்துக்காக வாதாடியவர்களில் நெம்த்சோவே ஒருவர். 2019-இல் அந்த டிரைவரின் முதலாளி ருஸ்லான் கெரெமேயெவைக் கொலையோடு தொடர்புபடுத்தி, அமெரிக்கக் கருவூலத் துறை அவர் பெயரை இதே சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. சொந்த நாட்டு நீதிமன்றம் தொடாத பெயர் அது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெருப்பெயர் மாற்றத்தையும் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட்டார். ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில்வே தபால் பிரிவில்) முப்பது வருடம் சார்ட்டிங், அதாவது விலாசம் பார்த்துத் தபால் பிரிக்கும் வேலை, செய்தவன் நான். விலாசத்தின் அருமை எனக்குத் தெரியும். வாஷிங்டன் பலகை பெயரளவுக்குத்தான், தூதரகத்தின் தபால் விலாசம் பழையபடி விஸ்கான்சின் அவென்யூவே. செக் நாட்டின் பிராகு நகரத்தில் அப்படியில்லை. 2020-இல் ரஷ்யத் தூதரகம் இருக்கும் சதுக்கத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள். கடித உறையில் நெம்த்சோவ் பெயரை எழுத மனமில்லாமல், தூதரகம் தன் விலாசத்தைப் பக்கத்துத் தெருவிலுள்ள துணைத் தூதரகப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டது! வாஷிங்டன் முடிவு வந்தபோதும், மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகம் உள்ள சந்துக்கு 'வட அமெரிக்க முட்டுச்சந்து' என்று பெயர் வைக்கலாம் என ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கிளம்பினார். உறைக்காமலா இத்தனையும்? நம் கொல்கத்தாக்காரர்கள் இந்த வித்தையை எப்போதோ செய்துவிட்டார்கள். அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருப்பது, அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்நாம் தலைவர் ஹோ சி மின் பெயரிலான சாலையில்.

கடைசியாக ஒன்று. பாலத்தின் படத்துக்குக் கீழே 'நினைவிடம்' என்று போட்டிருக்கிறீர்கள். அரசு அனுமதித்த நினைவிடம் எதுவும் அங்கே கிடையாது. நகராட்சி ஆட்கள் அள்ளிக்கொண்டு போகப் போக, தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற பூக்கள் அவை. அடுத்த இதழில் அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
திருச்சி