காலை எடுக்கத் தெரிந்தால் போதும், கண்ணு

கண்ணு,

கெயின்ஸ்வில்லில், இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நேர்க்கோட்டில் பாய்கிற டிராக் ரேஸ் சொல்லித்தரும் ஸ்கூலுக்குப் பணம் கட்டிவிட்டேன் என்று ஒற்றை வரியில் எழுதி, கூடவே அந்த நீள டிராக்ஸ்டர் கார் போட்டோவையும் அனுப்பி, கீழே "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று வேறு போட்டிருக்கிறாய். உங்கம்மாவுக்கு நேற்றே தெரியும். இந்த வீட்டில் என் போனை என்னைவிட அதிகம் பார்ப்பது யார் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு போட்டோவைப் பார்த்ததிலிருந்து தலைகால் புரியவில்லை, அது வேறு விஷயம். போனில் பேசினால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி "அய்யோ" போடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று. வேகமாகப் போவதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை அந்தக் காரே செய்துவிடும். நீ கற்றுக்கொள்ள வேண்டியது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதை. எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, எடுத்த பிறகு காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது. நியூஜெர்சியில் வாரம் பூராவும் மெஷின் ஷாப்பில் நின்றுவிட்டு, ஞாயிறானால் இங்கிலீஷ்டவுனில் டிராக் ரேஸ் நடக்கும் ஸ்ட்ரிப்புக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் பார்த்த வரைக்கும், புதிதாக வருபவர்கள் காரைக் கிளப்பத் தெரியாமல் மாட்டிக்கொண்டதைவிட, காலை எடுக்க மனசு வராமல் மாட்டிக்கொண்டதுதான் அதிகம். (அந்த ஸ்ட்ரிப்பில் 2018-லேயே டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள். நீ காதை மூடும் பெரிய மஃப் மாட்டிக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ரேஸ் இல்லை.)

சரி, காருக்கு வருவோம். அதில் உட்கார்ந்தால் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முன்னால் ஒல்லியாக ஒரு மூக்கும் இரண்டு சின்னச் சக்கரமும்தான். முன்பெல்லாம் இப்படி இல்லை. ஓட்டுபவர் எஞ்சினுக்குப் பின்னால், கியர்பாக்ஸைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் ஸ்ட்ரிப்பில், கிளம்பிய இடத்திலேயே டான் கார்லிட்ஸ் என்ற பெரிய டிராக் ரேஸ்காரரின் கியர்பாக்ஸ் வெடித்து, கார் இரண்டாகப் பிய்ந்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. மனிதர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே, எஞ்சினைப் பின்னால் தள்ளினால் என்ன என்று கணக்குப் போட்டு, அடுத்த வருடமே அப்படி ஒரு காரைக் கட்டிக்கொண்டு வந்து ஜெயித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் அவர் வழிக்கு வந்துவிட்டார்கள். உன் ஊரிலிருந்து தெற்கே ஓக்காலாவில் அவர் வைத்த மியூசியம் இருக்கிறது, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்கூலுக்கு முந்தின நாள் போய்விட்டு வா.

உடுப்பு விஷயம். தீ தாங்கும் சூட்டை அவர்கள் கொடுப்பார்கள், உள்ளே என்ன போடுகிறாய் என்பது உன் பாடு. நைலான், பாலியஸ்டர் எதுவும் வேண்டாம், சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி போதும். ஷூ அடிப்பாகம் மெலிசாக இருக்கட்டும், பெடல் காலுக்குத் தெரிய வேண்டும். முடியை இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டுக்குள் போடும் துணிக்குள் சொருகிவிடு. புளோரிடா வெயிலில் அந்த சூட்டுக்குள் வேர்த்துக் கொட்டும், கூப்பிடும்வரை ஜிப்பைத் திறந்தே வைத்திரு, தண்ணீர் குடித்துக்கொண்டே இரு.

பெல்ட் போடும்போது முதலில் இடுப்புப் பட்டை, அதுவும் வயிற்றின் மேல் இல்லை, கீழே இடுப்பெலும்பின் மேல் படிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் தோள் பட்டைகள். "போதும், இறுக்கமாக இருக்கிறது" என்று நீ நினைக்கும்போது இன்னொரு இழுப்பு இழுக்கச் சொல். அப்புறம் இரண்டு கைக்கும் ஒரு பட்டை மாட்டி பெல்ட் பூட்டோடு சேர்ப்பார்கள், கார் புரண்டால் கை கூண்டுக்கு வெளியே போகாமல் இருக்க. பலர் இதைச் சடங்கு மாதிரி மாட்டிக்கொண்டு விட்டுவிடுவார்கள். நீ மாட்டின பிறகு பாராசூட் லீவரை எட்டிப் பார். பட்டை நீளம் சரியில்லை என்றால் கை அங்கே போகாது, அது உனக்கு 150 மைல் வேகத்தில் தெரியவரக்கூடாது. லீவர், எஞ்சின் ஆஃப் சுவிட்ச், பெட்ரோலை அடைக்கும் இடம், தீயணைப்புப் பிடி, பிரேக் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொடு. திரும்பத் திரும்பத் தொடு. லைசென்ஸ் கொடுக்கும்போது கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லி ஒரு பரீட்சையே வைக்கிறார்கள். புகை சூழ்ந்தால் கண் இருந்தும் பயனில்லை, அதற்குத்தான்.

கார் கிளம்பும் முன்னால் ஸ்ட்ரிப்பை நடந்தாவது, வண்டியிலாவது ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடு. நடுவில் டயர் ரப்பர் படிந்து கறுப்பாக, செருப்பு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தடம் இருக்கும், உன் கார் அதில்தான் போக வேண்டும். அதை விட்டு வெளியே போனால் வழுக்கும். முடிவுக்கோடு எங்கே, அதற்குப் பிறகு நிறுத்த எவ்வளவு தூரம், வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று மனசில் வை. இந்த விளையாட்டே விமான ஓடுதளத்தில் வளர்ந்ததுதானே. 1950-ல் சாண்டா ஆனாவில் காசு வாங்கிக்கொண்டு நடத்தியதும் ஏர்போர்ட்டில்தான், நம் ஊரில் இளவட்டமாக நாங்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த சோழவரமும் யுத்த காலத்து ஓடுதளம்தான்.

பர்ன்அவுட் உனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். தண்ணீர் விட்ட இடத்தில் பின்சக்கரத்தை நனைத்து, கொஞ்சம் முன்னால் வந்து, சுழற்றிப் புகை கிளப்புவது. அது வேடிக்கைக்கு இல்லை, வரிப்பள்ளம் இல்லாத சிலிக் டயரைச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் தூசி மண்ணைத் துடைக்க. எதிரில் ஓர் ஆள் நின்று கையைக் காட்டுவார், அவர் ஒருத்தரை மட்டும் பார்.

அப்புறம் ஸ்டேஜ் பண்ணுவது, அதாவது கிளம்பும் கோட்டில் காரைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவது. எதிரில் இருக்கும் விளக்குக் கம்பத்தின் உச்சியில் முதல் விளக்கு எரிந்தால் கோட்டுக்கு இன்னும் 7 அங்குலம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நின்று ஒரு மூச்சு விடு. பக்கத்துக் காரும் வந்த பிறகு, நகர்ந்ததே தெரியாத அளவுக்கு முன்னால் போ, இரண்டாவது விளக்கு எரிந்ததும் நிறுத்து. ஸ்டீரிங்கில் இருக்கும் டிரான்ஸ்பிரேக் பொத்தானை அழுத்தினால் கியர்பாக்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நேரத்தில் கோத்துக்கொண்டு காரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நீ காலை முழுக்க அழுத்தினாலும் நகராது. பொத்தானை விட்டால் போச்சு.

விளக்கைப் பற்றிப் புதியவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூன்று மஞ்சள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், அடுத்த அரை விநாடியில் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் ஏற்கெனவே தாமதம், கண் பார்த்து, கை விட்டு, சக்கரம் உருண்டு கோட்டை விட்டு நகர நேரம் பிடிக்கிறதே, அதனால் கடைசி மஞ்சளிலேயே விட வேண்டும். சூப்பர் காம்ப் மாதிரி போட்டிப் பிரிவுகளில் மூன்று மஞ்சளும் சேர்ந்தே எரியும், 0.4 விநாடியில் பச்சை. இதெல்லாம் போட்டிக்கு. உனக்கு முதல் நாளில் நான் சொல்வது வேறு: பச்சை வந்த பிறகே போ. ஏனென்றால் உன் ஓட்ட நேரத்தை எண்ணும் கடிகாரம் பச்சை விழும்போது ஆரம்பிப்பதில்லை, உன் முன்சக்கரம் கோட்டின் குறுக்கே விழும் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் ஆரம்பிக்கிறது. நீ பச்சைக்கு அப்புறம் அரை விநாடி யோசித்துக்கொண்டிருந்தாலும் கடைசியில் கொடுக்கும் நேரச் சீட்டில் வரும் நேரம் மாறாது. இது தெரியாமல்தான் எத்தனையோ பேர் முதல் நாளே, பச்சைக்கு முன்னால் கிளம்பினால் எரியும் சிவப்பு விளக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். போட்டி என்று வரும்போதுதான் அது கணக்கு: பச்சை வந்து 0.030 விநாடியில் கிளம்பி 8.95 விநாடியில் ஓடுபவர், 0.100-ல் கிளம்பி 8.91-ல் ஓடுபவரை ஜெயித்துவிடுவார். மெதுவான கார் ஜெயிக்கும். எனக்கு இந்த விளையாட்டில் பைத்தியம் பிடித்ததே இந்தக் கணக்கில்தான்.

பொத்தானை விடும் முன்னால் ஹெல்மெட்டைப் பின்னால் சாய்த்துத் தலைமெத்தையில் ஒட்டிவை. இல்லாவிட்டால் கார் அதைத் தானே கொண்டுபோய் அடிக்கும், கண் ஒரு கணம் வானத்தைப் பார்க்கும். கண்ணை டயலில் வைக்காதே, முன்சக்கரத்தில் வைக்காதே, ஸ்ட்ரிப்பின் கடைசியில் வை. மூச்சை அடக்காதே. முதல் சில அடிகளுக்கு முன்சக்கரத்தில் கனமே இருக்காது, ஸ்டீரிங் திருப்பினாலும் கேட்காது, அதனால் கிளம்பும் முன்னாலேயே கார் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம். எஞ்சின் சத்தம் திடீரென்று எகிறினால் டயர் சுழல்கிறது, காலை எடு. உடம்பு உதறி எதிரில் எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் டயர் அதிர்கிறது, காலை எடு. கார் நடுக்கோட்டையோ சுவரையோ தேடிப் போனால் காலை எடு, அதை ஸ்டீரிங்கால் பிடித்துத் திருப்பப் பார்க்காதே, திருப்பினது போதவில்லை என்று இன்னும் திருப்பி, பிடி கிடைத்ததும் எதிர்ச்சுவருக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுத்த காலை மறுபடி வைக்காதே. பழகியவர்கள் எடுத்து எடுத்து வைப்பார்கள், அது அவர்களுடைய வேலை. நீ அப்படியே உருட்டிக்கொண்டு போய்விடு. யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் அவர்களுக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்.

உங்கம்மாவுக்கு இந்த விளையாட்டு கசந்து போனது 2008 ஜூனில். இங்கிலீஷ்டவுனில் தகுதிச்சுற்றில் ஸ்காட் கலிட்டா என்பவரின் ஃபன்னி கார் (சாதாரணக் கார் மாதிரி மேல்கூடு போட்ட ரேஸ் கார்) எஞ்சின் முடிவுக்கோட்டுப் பக்கம் வெடித்துத் தீப்பிடித்து, பாராசூட்டும் சேதமாகி, வேகம் குறையாமலே ஸ்ட்ரிப்பின் எல்லையைத் தாண்டிப் போய் அவர் இறந்துபோனார். அவர், டிராக்ஸ்டர்களிலேயே மிக வேகமான பிரிவான டாப் ஃபியூலில் இரண்டு தடவை சாம்பியன். அடுத்த மாதமே டாப் ஃபியூலுக்கும் ஃபன்னி காருக்கும் தூரத்தை கால் மைலிலிருந்து, அதாவது 1,320 அடியிலிருந்து, 1,000 அடியாகக் குறைத்தார்கள், இன்று வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது. காரை மெதுவாக்கவில்லை பார், நிறுத்த இடத்தைக் கூட்டினார்கள். உன் கார் அதில் பாதி வேகம்தான் போகும், பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. முடிவுக்கோட்டோடு ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற புத்தி வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். (அம்மா வேகம் எவ்வளவு என்று கேட்டால் மைலில் சொல், கிலோமீட்டரில் சொல்லாதே. எண்ணாவது சின்னதாகக் கேட்கும்.)

கோட்டைத் தாண்டியதும் காலை வெடுக்கென்று உருவாதே, சீராக எடு, பாராசூட்டை இழு. விரியும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். பக்கக்காற்று அடித்தால் காரையும் சேர்த்து ஒரு பக்கம் இழுக்கும், எதிர்பார்த்திரு. அது விரியவில்லை என்றால் திகைக்காமல் பிரேக்கை ஆரம்பி. நீ மட்டும் அங்கே இல்லை, பக்கத்துக் கார் எங்கே என்று தெரியாமல் குறுக்கே திரும்பாதே. ஏதாவது உடைந்த மாதிரி, எண்ணெய் வாடை வந்த மாதிரி இருந்தால் சுவரோரம் ஒதுங்கி நிறுத்திவிடு. வந்த வழியெல்லாம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பெருமையாகத் திரும்பி வராதே, பின்னால் வருபவன் அதில்தான் ஓட வேண்டும்.

முதலிலேயே முழுத்தூரம் விடமாட்டார்கள். கொஞ்ச தூரம், பாதித் தூரம், அப்புறம்தான் முழுசு. பாதியில் காலை எடுக்கச் சொன்னால் பாதியில் எடு. நன்றாகப் போகிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தாதே, நீ சொன்ன இடத்தில் காலை எடுக்கிறாயா என்பதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண் என்று ஓரக்கண்ணால் பார்ப்பவர் எவராவது இருந்தால் ஷெர்லி மல்டவ்னி 1977, 1980, 1982 என்று மூன்று தடவை டாப் ஃபியூல் சாம்பியன் ஆனதை அவர் மறந்திருப்பார், நீ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சீட்டு தருவார்கள். 60 அடி, 330, 660, 1,000, 1,320 என்று வரிசையாக நேரம் இருக்கும், கீழே வேகம். எல்லோரும் கீழே இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் குதிப்பார்கள். நான் 60 அடியைத்தான் பார்ப்பேன். அது ஓட்டத்துக்கு ஓட்டம் நூறில் ஒன்றிரண்டு விநாடிக்குள் இருந்தால் நீ ஒரே மாதிரி கிளம்புகிறாய், தாறுமாறாக இருந்தால் பர்ன்அவுட்டிலோ ஸ்டேஜ் பண்ணுவதிலோ ஏதோ மாறிக்கொண்டே இருக்கிறது. எல்லாச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு, பின்பக்கம் அந்த ஓட்டத்தில் என்ன பண்ணினாய், எந்த இடத்தில் காலை எடுத்தாய் என்று பேனாவால் ஒரு வரி கிறுக்கி வை, சாயங்காலத்துக்குள் எல்லாம் கலந்துபோய்விடும். ரியாக்‌ஷன் டைமை, அதாவது பச்சைக்குப் பிறகு கிளம்ப எடுத்த நேரத்தை, நான் கேட்கமாட்டேன், நன்றாக இருந்தால் நீயே முதலில் சொல்லிவிடுவாய்.

அப்பா