ஒரு போன், நாற்பது பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. கடலூர், புதுச்சேரி வட்டாரக் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் சார்ட் பேப்பரோடு இப்போது கைநிறைய இணையக் கருவிகளையும் கொண்டுபோகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அவர்கள் அவற்றைப் பழகுவது கல்லூரியின் கணினி அறையில். அங்கே வைஃபை இருக்கிறது, ஆளுக்கொரு போனும் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலோ பாகூரிலோ ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தால் போன் இருப்பது ஆசிரியர் கையில் மட்டும்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் விடை அழுத்த வேண்டிய கஹூட் வினாடி வினா கல்லூரியில் கைதட்டு வாங்கும். இங்கே தொடங்கவே தொடங்காது. அதனால் எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். ஆசிரியரின் ஒரே போனில் நடக்குமா? நெட் போய்விட்டால் பாடம் நிற்குமா, நடக்குமா?

முதல் கேள்வியில் தேறுவது பிளிக்கர்ஸ் என்ற ஆப். பிள்ளைக்கு ஒரு அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம், நான்கு பக்கத்திலும் சிறிய எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினால் யார் எதைச் சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதேபோல் பிடிப்பதில் பயனில்லை. அட்டைகளை இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டை. வகுப்பில் அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெஞ்சுக்கு இரண்டு அட்டை கொடுத்து, பேசி முடிவெடுக்கச் சொல்லலாம். அதுவும் ஒரு பயிற்சிதான்.

இதில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவை. அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளப்பான லேமினேஷன் போடுவார்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் அதில் பட்டுத் தெறிக்க, கேமராவுக்குக் கறுப்பும் வெளுப்பும் பிரிந்து தெரியாது. சாதாரணத் தாளில் அச்செடுத்துப் பழைய நோட்டு அட்டையில் ஒட்டினால் போதும். பிள்ளைகள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விரலால் வடிவத்தின் மூலையை மறைத்துவிடுவார்கள். ஓரத்தை மட்டும் பிடிக்கக் காட்டித் தர வேண்டும். வகுப்புப் பட்டியலில் பெயருக்குப் பதில் வரிசை எண்ணை மட்டும் ஏற்றுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். இதற்கு ஆசிரியரின் போனில் டேட்டா வேண்டும். அது இல்லாத நாளுக்கு மாற்றாக ஏ4 தாள் ஒன்றை நான்காக மடித்து, மடிப்புக்கு ஒரு எழுத்து எழுதி வைத்துக்கொண்டால் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

அட்டையை விடக் கேள்விதான் முக்கியம். 3/4 + 1/2 எவ்வளவு என்று கேட்டுவிட்டு, தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போட்டால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது மட்டும்தான் தெரியும். 5/4 சரியான விடை. 4/6 என்று ஒன்று வையுங்கள்: மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டும் பிள்ளை அங்கே போகும். 3/8 ஒன்று: கூட்டலையும் பெருக்கலையும் குழப்பும் பிள்ளைக்கு. 4/4 ஒன்று: பகுதியைப் பெரியதாக மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்த பிள்ளைக்கு. இப்போது திரையில் 4/6-ல் பதினைந்து பேர் நின்றால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடத்த வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். தசமத்திலும் இப்படித்தான். 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 35 பெரிய எண் என்று 0.35-ஐச் சொல்லும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலும் உண்டு. கருவி கண்டுபிடித்துத் தருவது இதைத்தான், மதிப்பெண்ணை அல்ல.

நெட் இல்லாமல் ஓடுவதற்கு ஃபெட் (PhET) மாதிரியுருக்களைச் சொல்ல வேண்டும், அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் கருவிகள். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. சில சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. இறக்கி வைத்துக்கொண்டால் பிரவுசரில் நெட் இல்லாமலே திறக்கும். போனில் அந்தக் கோப்பைத் தொட்டதும் வேறொரு வியூவர் ஆப் திறந்து வெள்ளைத் திரை காட்டினால், கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ‘இதில் திற’ என்பதை அழுத்திக் குரோமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நாள் இரவே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது அவசியம். ‘சேமித்துவிட்டோம்’ என்று நம்பியதில் பாதி நெட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

மின்சுற்றுக்கான மாதிரியுருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்பு மின்னோட்டத்தைத் ‘தின்றுவிடுகிறது’, அதனால் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையும் என்று நினைக்கும் பிள்ளைகள் ஏராளம். மின்கலம் 9 வோல்ட், பல்பின் மின்தடை 10 ஓம் என்று வைத்து, பல்புக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு அம்மீட்டர் இணையுங்கள். சுவிட்சை மூடும் முன் நிறுத்தி, இரண்டிலும் என்ன அளவு காட்டும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மூடினால் இரண்டிலும் 0.90 ஆம்பியர். எழுதச் சொல்லாமல் காட்டினால் அது வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும். தான் எழுதியதும் கண்ணால் கண்டதும் மோதும்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் வரும் கியூஆர் குறியீட்டுக்கும், முதல் நாளே நெட் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை பொருந்தும். குறியீடு காட்டும் காணொளியைத் தீக்ஷா என்ற அரசுப் பாட ஆப்பில் முன்னதாகவே இறக்கி வைக்கலாம். அச்சு மங்கியோ கிழிந்தோ குறியீடு ஸ்கேன் ஆகாவிட்டால் அதன் கீழே ஆறு எழுத்தில் ஒரு குறி இருக்கும். அதைத் தட்டச்சு செய்தாலும் அதே பக்கம் திறக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் நம் பக்கம் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். பள்ளிப் பயிற்சியும் பல கல்லூரிகளில் அந்த மாதங்களைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

இனித் தமிழ் எழுத்து. பயிற்சி மாணவர்கள் அதிகம் நேரத்தை இழப்பது இதில்தான். பள்ளியில் கிடைக்கும் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அதைக் கூகுள் டாக்ஸில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய கோப்புகள் நம்மை விடுவதாயில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். பி.டி.எஃப்-இலிருந்து நகலெடுத்தால் ‘கொடி’ என்பது கொம்பு முன்னால் பிரிந்து நின்று புள்ளிவட்டத்தோடு வரும். அந்த இடத்தில் நகலெடுப்பதை விட்டுவிட்டு, பக்கத்தைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸ் மூலம் திறந்தால் எழுத்தாகப் படித்துத் தரும். படம் 2 எம்.பி.க்குள் இருக்கட்டும். அப்படி வந்ததில் துணைக்காலையும் ‘ர’வையும் அது குழப்பியிருக்கும்: ‘பாடம்’ என்பது ‘பரடம்’ என்று நிற்கும். வரிக்கு வரி படித்துத்தான் திருத்த வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸில் சிற்றுவிடைக் கேள்வி வைத்து மதிப்பெண்ணை அதையே போடவிட்டால் தமிழில் அநியாயம் நடக்கும். புதுச்சேரியில் பிறந்த புரட்சிக்கவிஞர் யார் என்று கேட்டு ‘பாரதிதாசன்’ என்று விடைக்குறிப்பில் போட்டிருந்தால், ‘பாரதி தாசன்’ என்று இடம்விட்டு எழுதிய பிள்ளைக்குச் சுழியம். ‘பாவேந்தர்’, ‘கனகசுப்புரத்தினம்’ என்று எழுதிய பிள்ளைக்கும் சுழியம். ‘ஔவையார்’ இன்னும் மோசம். ‘ஔ’ என்ற ஒரே எழுத்தும், ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டியதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஏற்கத்தக்க எல்லா வடிவங்களையும் விடைக்குறிப்பில் சேருங்கள். இல்லையென்றால் சிற்றுவிடையைக் கையால் திருத்துங்கள்.

ஃபார்ம்ஸ் வீட்டுப்பாடத்துக்கு ஏற்றதுதான், மாலையில் அப்பாவின் போன் வீட்டுக்கு வந்த பிறகு. அண்ணனும் தங்கையும் அதே போனில்தான் எழுதுவார்கள். ‘ஒருவருக்கு ஒரே பதில்’ என்ற அமைப்பைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். அண்ணன் எழுதி முடித்ததும் தங்கைக்கு வழி அடைபடும். மின்னஞ்சல் திரட்டும் அமைப்பையும் அணைத்து வைக்க வேண்டும். இன்னொன்று: படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மேலே முகவரிப் பட்டையில் இருக்கும் இணைப்பை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். பிள்ளைகளுக்குப் படிவம் திறக்காது, ‘அனுமதி கேள்’ என்று வரும், இரவெல்லாம் ஆசிரியருக்கு மின்னஞ்சல் குவியும். பகிர்வதற்கான பொத்தானில் கிடைக்கும் இணைப்பைத்தான் அனுப்ப வேண்டும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயிற்சி மாணவர்கள் பாடக்குறிப்பு எழுதவே பயன்படுத்துகிறார்கள். அதற்கு அது சரிப்படாது. எதிரே இருக்கும் வகுப்பை அது பார்த்ததில்லை. ஒரே அமைப்பில் ஐந்து கணக்கு வேண்டும், எண்களும் சூழலும் மட்டும் மாற வேண்டும் என்றால் நன்றாகத் தரும்: பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் விற்றதாக, கடலூர் துறைமுகத்தில் மீன் எடை போட்டதாக. விடையை மட்டும் நீங்கள் போட்டுச் சரிபார்க்க வேண்டும். சங்கப் பாடலைக் கேட்காதீர்கள். புலவர் பெயரும் பாடல் எண்ணும் போட்டு, இல்லாத வரிகளை இருப்பதுபோல் எழுதித் தருவதுண்டு. அதற்கு 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கின்றன.

அறிவியல் மொழிபெயர்ப்பில் தவறு இன்னும் நுட்பமானது. நம் பாடநூல் ‘திறன்’ என்று சொல்லும் இடத்தில் எந்திரம் ‘சக்தி’ என்று போடும். ‘திசைவேகம்’ வர வேண்டிய இடத்தில் வெறும் ‘வேகம்’. ‘நிறை’ வேண்டிய இடத்தில் ‘எடை’. படிக்கும்போது உறுத்தாது, தேர்வில் மதிப்பெண்ணைப் பறிக்கும். பாடநூலில் உள்ள கலைச்சொற்களை ஒரு கூகுள் ஷீட்டில் இரண்டு நெடுவரிசையாக ஏற்றி, கேட்கும் கேள்வியோடு அந்தப் பட்டியலையும் ஒட்டி ‘இந்தச் சொற்களையே பயன்படுத்து’ என்று சொன்னால் பெரும்பாலும் அடங்கும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு இந்தப் பட்டியலின் தேவை கூடியிருக்கிறது. பாடநூல் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில் என்று நடக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு ஆசிரியர் சொல் மாறினால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

பெயரை ஏற்ற வேண்டாம் என்றதற்குக் காரணம் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அது. சட்டம் இல்லாவிட்டாலும் வகுப்பில் பிள்ளைகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது சரியல்ல. பதிவேட்டுக்குப் புகைப்படம் வேண்டுமென்றால் கரும்பலகையையும் பிள்ளைகளின் நோட்டையும் எடுங்கள், முகத்தை வேண்டாம்.

சொந்தப் படிப்புக்கு ஒன்று மட்டும். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 கேள்விகளில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும். இதற்கு, கேள்வி-விடை அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்தும் ஆன்கி ஆப் நல்ல துணை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ‘பியாஜே பற்றி எழுதுக’ என்று ஒரு அட்டை போட்டால் பயனில்லை. ‘பொருள் கண்ணில் படாதபோதும் அது இருக்கிறது என்ற உணர்வு பியாஜேயின் எந்த நிலையில் உருவாகிறது?’ என்று ஒரே விடை வரும்படி கேளுங்கள். விடை, புலன் இயக்க நிலை. நாளுக்கு 20 புது அட்டை என்பது அதன் இயல்பு அமைப்பு. பள்ளிப் பயிற்சி நடக்கும்போது அப்படியே விட்டால் சில வாரத்தில் நாளுக்கு நூற்றுக்கு மேல் பழைய அட்டைகள் குவிந்து, மாணவர்கள் ஆப்பையே நீக்கிவிடுகிறார்கள். ஆறு, ஏழு என்று குறைத்து வையுங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் பாடக்குறிப்புகளைச் சேர்த்திருப்பவர்கள் படிப்பு முடியும் முன்பே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கு எப்போது மூடப்படும் என்பது உங்கள் கையில் இல்லை.

கல்வியியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிப் பதிவேட்டில் ‘பயன்படுத்திய தொழில்நுட்பம்’ என்ற பக்கத்தில் எல்லோரும் ஓடிய கருவியின் ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டித் தருகிறார்கள். அதன் எதிர்ப்பக்கத்தில் ஓடாத கருவி எது, எந்த நிமிடத்தில் நின்றது, அதன் பிறகு பாடம் எப்படி நடந்தது என்று எழுதச் சொல்லி அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பயிற்சிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளை ஹைடெக் லேபின் சாவியைப் பயிற்சி மாணவர்களிடம் கொடுத்து உதவ வேண்டும், வழிகாட்டி ஆசிரியர் உடனிருக்க.

இப்படிக்கு,
ஆசிரியப் பயிற்றுநர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.